மகன் எதிரில் ஒருமுறை அழுதுவிடுங்கள்

கேள்வி: மேடம், எங்களுக்குத் திருவாடானை பக்கம் ஒரு கிராமம். மிளகாய் விவசாயம். பெண்ணைக் காரைக்குடியில் கட்டிக்கொடுத்துவிட்டோம். பையனுக்கு 19 வயது. ராணுவத்தில் நான்கு வருட அக்னிவீராகத் தேர்வாகி, வெலிங்டனில் பயிற்சியில் சேரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் மூன்று வாரம்தான். ஊரே சந்தோஷப்படுகிறது. எனக்கு மட்டும் அடிவயிறு கலங்கிக்கொண்டே இருக்கிறது. அடுப்படியில் நின்றால் அழுகை வருகிறது. ஒருநாள் ராத்திரி அவன் பார்த்துவிட்டான். "நீ இப்படி அழுதா நான் போகவே மாட்டேன்மா" என்றான். அதிலிருந்து அவன் கண்ணில் படாமல் கொல்லைப்புறம் போய் அழுகிறேன். மாமியார், "நல்ல காரியத்துக்குப் போற பிள்ளைய அழுது அனுப்பாதே, சகுனம் ஆகாது" என்கிறார். வீட்டுக்காரர் எதுவுமே பேசுவதில்லை. விடியும் முன் காட்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். போன வாரம் சைக்கிளைத் துடைக்கவில்லை என்று பையனிடம் அப்படிக் கத்தினார். 2020-ல் எங்கள் பக்கத்துக் கடுக்கலூர்க்காரர் பழனி, பட்டாளத்தில் இருந்தவர், சீன எல்லையில் கல்வானில் நடந்த மோதலில் இறந்து, உடல் ஊருக்கு வந்தது. அதுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், யாரிடமும் சொல்லாத ஒன்று. பையனுக்கு மெடிக்கல் நடந்தபோது, அவன் அதில் தேறக் கூடாது என்று உப்பூர் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். பெற்றவள் இப்படி வேண்டலாமா? அவன் போன பிறகு இந்த வீட்டில் எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.
— ஒரு தாய், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்களே, அந்த வேண்டுதல், அதிலிருந்தே தொடங்குகிறேன். அது தொண்டையில் நிற்கும்வரை மற்ற எதைச் சொன்னாலும் உங்களுக்குள் இறங்காது.

நீங்கள் கெட்ட தாய் இல்லை. பையன் கண் முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான் உங்கள் ஆசை. அன்றைக்கு அதற்குக் கண்ணில் பட்ட ஒரே வழி மெடிக்கல், அதனால் அதைக் கேட்டுவிட்டீர்கள். மகளுக்கு விசா கிடைக்கக் கூடாது என்று ஒரு மாதம் விரதமிருந்த அம்மா என்னிடம் வந்திருக்கிறார். மகன் கப்பல் வேலைக்குக் கிளம்பும் அன்று அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடாதா என்று ஏங்கிய அப்பா ஒருவர், அதைச் சொல்லி முடிப்பதற்குள் மேசையில் தலை கவிழ்ந்துவிட்டார். அந்தப் படிப்புக்கும் வேலைக்கும் வட்டிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியவர்களும் அவர்கள்தான். பிள்ளை நன்றாக வர வேண்டும் என்ற ஆசையும், நம்மை விட்டுப் போகக் கூடாது என்ற ஆசையும் ஒரே மனதில்தான் குடியிருக்கும். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது.

ஆனால் இதைப் பையனிடம் மட்டும் சொல்லாதீர்கள். காலில் கொப்புளத்தோடு ஓடும் ஏதோ ஒரு விடியற்காலையில் அது அவனுக்கு நினைவு வரும். "அம்மாவுக்கே நான் இங்க வர்றதுல இஷ்டமில்ல" என்று தோன்றும். அந்தச் சுமை அவனுக்கு வேண்டாம். இதைச் சொல்ல வேண்டிய ஆள் உங்கள் வீட்டுக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துப் பேசுகிறேன்.

முதலில் அழுகை. அழலாமா கூடாதா என்று தவிக்கிறீர்கள். இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. அது புத்தகத்தில் படித்து வந்ததில்லை.

என் தம்பி 1993-ல் பட்டாளத்துக்குப் போனான். திருச்சி ஜங்ஷனில் வழியனுப்பினோம். உங்கள் மாமியாரைப் போலவே எங்கள் வீட்டிலும் ஆளாளுக்கு அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள், அழக் கூடாது, பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று. அம்மா அழவில்லை. புளிசாதப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, முந்தானை முனையை விரலில் சுற்றிக்கொண்டு, வண்டி மறையும்வரை சிரித்த முகமாக நின்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அழவில்லை. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. ஒரு மாதம் கழித்துப் படுக்கையை உதறும்போதுதான் நான் பார்த்தேன். கிளம்பிய அன்று காலையில் தம்பி அவிழ்த்துப்போட்ட கைலி, துவைக்காமல், நான்காக மடித்து அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அம்மாவிடம் கேட்கவும் இல்லை.

முப்பது வருடம் ஓடியது. அம்மா காலமாகிக் காரியம் முடிந்த அன்று சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தம்பி சொன்னான்: "அக்கா, அன்னைக்கு ஸ்டேஷன்ல அம்மா சிரிச்சுக்கிட்டே நின்னாங்கல்ல. நான் போறது அவங்களுக்கு ஒண்ணுமே இல்லையோன்னு ட்ரெய்னிங்ல பல ராத்திரி நினைச்சிருக்கேன்." அப்போதுதான் அவனிடம் கைலியைப் பற்றிச் சொன்னேன். ஐம்பது வயதுக்காரன், மீசை நரைத்தவன், குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அம்மா அவனுக்காகத்தான் அடக்கினார். அவனுக்கோ அது போய்ச் சேரவே இல்லை. உங்கள் வீட்டில் இப்போது நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் கொல்லைப்புறத்தில், அவர் காட்டில், பையன் எங்கேயோ. மூன்று பேரும் ஒரே துக்கத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

அதனால் என் யோசனை இது. கிளம்பும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அதற்கு நன்றாக முன்னாலேயே, வீட்டில் கூட்டமில்லாத ஒரு சாயங்காலம் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். அழுகை வந்தால் வரட்டும், மறைக்காதீர்கள். ஆனால் அந்த அழுகைக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தையும் இருக்க வேண்டும். வார்த்தை இல்லாத அழுகையைத்தான் அன்று அவன் அடுப்படியில் பார்த்தான், பயந்துபோனான். "நான் போகவே மாட்டேன்மா" என்று அவன் சொன்னது, உங்கள் கண்ணீரை நிறுத்துவது தன் வேலை என்று நினைத்ததால். 19 வயதுப் பையன். அவனுக்கும் உள்ளுக்குள் உதறல் இருக்கும். அதோடு உங்களையும் தூக்கிச் சுமக்க வேண்டும் என்றால் அவன் என்ன செய்வான்? அந்த வேலையை அவனிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வாய்ப் பேச்சிலேயே சொல்லுங்கள், இப்படி: "தம்பி, எனக்கு அழுகை வரும்யா. நீ போற அன்னைக்கும் வரும், போன பிறகும் வரும். அதப் பாத்து நீ நிக்கக் கூடாது. அம்மா கொஞ்ச நேரம் அழுதுட்டு எந்திரிச்சு சோறாக்கிருவேன். என்னைய அப்பா பாத்துக்குவாரு. நீ போய்ட்டு வா."

இவ்வளவு போதும். அப்புறம் அவன் பேச இடம் கொடுங்கள். "எனக்கும் ஒரு மாதிரி இருக்கும்மா" என்று ஆரம்பித்தால், உடனே "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தைரியமா இரு" என்று மூடிவிடாதீர்கள். "என்ன மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். இந்தி தெரியாதே என்பதாக இருக்கலாம். கூடப்படித்த சிநேகிதர்களை விட்டுப் போவதாக இருக்கலாம். நாம் நினைப்பது ஒன்றாகவும் அவர்கள் கவலை வேறொன்றாகவும் இருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மாமியாரோடு சகுனத்தைப் பற்றி வாதாட வேண்டாம். வயதானவர், பேரன் திரும்பி வரும்போது தான் இருப்போமா என்ற கலக்கம் அவருக்கும் இருக்கும், அதை அவர் சகுனம் என்ற பேரில் சொல்கிறார். கிளம்பும் அன்று அவர் கையாலேயே திருநீறு பூசி அனுப்பச் சொல்லுங்கள். அவர் மனமும் நிறையும். முன்னாலேயே பேசி அழுது முடித்திருந்தால், அன்றைக்கு உங்களுக்கும் தானாகவே கொஞ்சம் அடங்கும்.

சரி, வீட்டுக்காரருக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தச் சைக்கிள்தான். இன்னும் மூன்று வாரத்தில் அந்தச் சைக்கிள் சுவரோரம் சும்மா நிற்கப்போகிறது. துடைக்க ஆளிருக்காது, ஓட்டவும் ஆளிருக்காது. அது அவருக்கும் தெரியும். "நீ போன பிறகு இதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்று சொல்லத் தெரியாதவர், ஏன் துடைக்கவில்லை என்று கத்திவிட்டார். நம் ஊர் ஆண்களுக்கு இந்த மாதிரித் துக்கத்துக்கு யாரும் பேச்சுக் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் அது கோபமாக வெளியே வருகிறது, இல்லையென்றால் இருட்டும்வரை காட்டில் வேலையாகப் போய்விடுகிறது.

அவரை எதிரில் உட்காரவைத்து "பேசுங்கள்" என்றால் எழுந்து போய்விடுவார். ஒருநாள் கஞ்சியை எடுத்துக்கொண்டு நீங்களும் காட்டுக்குப் போங்கள். கூடவே வேலை செய்யுங்கள். கை வேலையில் இருக்கும்போது, முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதபோது, பேச்சு தானாக வரும். அவர் பேசட்டும் என்று காத்திருக்காமல் நீங்கள் முதலில் சொல்லுங்கள், அந்த வேண்டுதலை. அவர் கோபித்துக்கொள்ளலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் இருபது வருடத்துக்கும் மேல் குடும்பம் நடத்தியவர், நீங்கள் இவ்வளவு பெரியதைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் ஒரு கை பிடிக்கத்தான் செய்வார்.

அவர் மனதில் பணக்கணக்கும் ஓடிக்கொண்டிருக்கலாம். நான்கு வருடம் முடிந்து வந்தால் என்ன செய்வான் என்ற கேள்வி இந்தத் திட்டத்தில் பிள்ளையைச் சேர்க்கும் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அது நியாயமான கேள்விதான். நான்கு வருடத்துக்குப் பிறகு ஒரு குழுவில் 25 சதவீதம் பேர்வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். முதல் வருடம் கைக்கு வருவது மாதம் சுமார் 21,000 ரூபாய். பிடித்தம் செய்யும் பணமும் அரசு போடும் பங்கும் வட்டியுமாகச் சேர்ந்து, முடியும்போது ஏறக்குறைய 11.71 லட்சம் கிடைக்கும் என்று 2022-ல் திட்டத்தை அறிவித்தபோது சொன்னார்கள். இந்தக் கணக்கை மூவரும் ஒருநாள் பேப்பரில் எழுதிப் பேசுங்கள். ஆனால் கண்ணீர் பேச்சும் காசு பேச்சும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டும் குழம்பினால் சண்டையில்தான் போய் முடியும்.

மீதி இருக்கும் நாட்களில், அழுகை தவிர உங்கள் இருவர் கையிலும் ஒரு வேலை இருக்க வேண்டும். பயிற்சியில் தினமும் சவரம் செய்தாக வேண்டும். பையன் இதுவரை சலூனுக்குத்தான் போயிருப்பான். அதை அப்பா கற்றுக்கொடுக்கட்டும். கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிவைத்து, நுரை போட்டு, பிளேடை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், தொண்டைக் குழியில் தோலை எப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டட்டும். இருவரும் ஒரு வார்த்தை பாசமாகப் பேச வேண்டியதில்லை. மகனின் தாடையை விரலால் திருப்பிப் பிடிக்கும்போது அப்பாவின் கைக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

நீங்கள் அவனுக்குப் பட்டன் தைக்கக் கற்றுக்கொடுங்கள். சிரிக்காதீர்கள், இது உண்மையிலேயே அவனுக்கு வேண்டியது. அங்கே துணியும் தானே துவைக்க வேண்டும், கிழிந்தால் தானே தைக்க வேண்டும். பட்டன் இல்லாத சட்டையோடு வரிசையில் நின்றால் திட்டு விழும். ஊசியில் நூல் கோர்ப்பது, முடிச்சுப் போடுவது, பட்டனுக்கு அடியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவது, எல்லாவற்றையும் பழைய சட்டையில் நான்கு தடவை செய்யவையுங்கள். ஒரு சின்ன டப்பாவில் ஊசி, காக்கி நூல், பச்சை நூல், நான்கைந்து பட்டன் போட்டுக் கொடுங்கள். முறுக்கும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். எதைக் கொண்டுவரலாம் என்று வந்திருக்கும் கடிதத்தில் பட்டியல் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஊசி டப்பாவுக்கு எங்கேயும் தடை இருக்காது.

இன்னொன்று. உங்கள் நம்பர், அப்பா நம்பர், அக்கா நம்பர் மூன்றையும் அவன் மனப்பாடம் செய்யட்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எந்த நம்பரும் தெரியாது, எல்லாம் போனில் இருக்கிறது. அங்கே போன் எப்போதும் கையில் இருக்காது. அவசரத்துக்கு இன்னொருவர் போனில் பேசச் சந்தர்ப்பம் கிடைத்து, நம்பர் தெரியாமல் முழித்தவர்கள் இருக்கிறார்கள்.

அவன் போகும் இடத்தைப் பற்றியும் நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தை மனம் இஷ்டத்துக்குப் பயங்கரமாக வரைந்துகொள்ளும். வெலிங்டன் குன்னூரை ஒட்டிய ஊர், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே. இராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு முதலில் உறைப்பது குளிர்தான். அங்கே இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். அந்தப் படைப்பிரிவின் வரலாறு 1758-லிருந்து தொடங்குகிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் பெருமளவில் இருப்பார்கள், அதனால் முதல் நாளே ஊமையாகிவிட மாட்டான். இந்தியும் போகப் போக வந்துவிடும். விடியும் முன் எழுப்பிவிடுவார்கள். ஓட்டம், உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி என்று இரவுவரை ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியாது. முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். பயிற்சி கொடுப்பவரை 'உஸ்தாத்' என்பார்கள், கத்துவார், தண்டனையாக உருளவும் ஓடவும் விடுவார். சாப்பாட்டுக் கூடத்துக்கு 'லங்கர்' என்று பெயர், வயிறு நிறையக் கிடைக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களைப் பட்டாளத்தில் பிரியமாக எப்படிக் கூப்பிடுவார்கள் தெரியுமா? 'தம்பி' என்றுதான். வடக்கத்தி அதிகாரி வாயிலும் அந்தச் சொல்தான். நீங்கள் வீட்டில் அவனைக் கூப்பிடும் அதே சொல் அங்கேயும் அவன் காதில் விழும்.

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஓய்வு பெற்ற மிலிட்டரிக்காரர் ஒருவராவது இருப்பார். வீட்டுக்காரரும் நீங்களும் பையனோடு போய் அவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அவர் மனைவியோடு நீங்கள் தனியாகவும் பேசுங்கள். நான் எழுதுவதைவிட அந்த அம்மா உங்களுக்கு அதிகம் சொல்வார்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம், அந்த முதல் போன் கால். பல வீடுகளில் பிள்ளையை அனுப்பிவைத்த நாளைவிட அந்தக் கால் வந்த நாள்தான் கடுமையாக இருந்தது என்பார்கள். பயிற்சியின் தொடக்கத்தில் பேச வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடம். பல நாள் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கும். உங்கள் குரலைக் கேட்டதும் அவன் உடைந்து, "அம்மா, என்னால முடியல, வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்று அழலாம். அழாமலும் போகலாம். ஆனால் அழுதால் என்ன சொல்வீர்கள் என்பதை இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு பதில்கள் வேண்டாம். "உடனே வந்துரு" என்பது ஒன்று. விருப்பப்பட்டபோது விட்டுவிட்டு வர இந்தத் திட்டத்தில் எளிதில் இடமில்லை, அவன் இங்கும் அங்கும் இல்லாமல் தவித்துப்போவான். இன்னொன்று, "பாதியில வந்தா ஊரே சிரிக்கும்" என்பது. இது அதைவிடக் கெடுதல். அந்த வார்த்தையைக் கேட்ட பிள்ளை அடுத்த வாரத்திலிருந்து "நல்லா இருக்கேன்" என்று மட்டும்தான் சொல்வான், உண்மை எதுவும் உங்களுக்கு வராது. "அழு தம்பி, அம்மா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிக் காத்திருங்கள். பிறகு சின்னச் சின்னதாகக் கேளுங்கள். காலையில் என்ன சாப்பிட்டாய், பக்கத்துக் கட்டில் பையன் எந்த ஊர், குளிருக்குப் போர்வை போதுமா, காலில் கொப்புளம் ஆறிவிட்டதா. பேசப் பேச மூச்சு சீராகும். கடைசியில், "அடுத்த ஞாயித்துக்கிழமை பேசுவோம்" என்று முடியுங்கள். பெரும்பாலான பையன்களுக்கு முதல் சில வாரம்தான் இந்தப் பாடு. உடம்பு பழகி, இரண்டு சிநேகிதர்கள் கிடைத்துவிட்டால், நீங்கள் ஏங்கிக் காத்திருக்கும்போது அவன் அவசர அவசரமாகப் பேசிவிட்டு வைக்கப் பார்ப்பான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒன்று, முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் வலி, ஓடினால் கூடுகிறது என்றால், மறைக்காமல் அங்கே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். திடீரென்று அதிகம் ஓடுவதால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுவது பயிற்சிக்கு வருபவர்களுக்கு உண்டு. பின்தங்கிவிடுவோம் என்று மறைப்பார்கள், மறைத்தால் பெரிதாகும். குணமான பிறகு அடுத்த குழுவோடு சேர்ந்து முடிக்க வழி உண்டு. இரண்டாவது, தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அதை வீட்டு ஏக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். பயிற்சி மையத்துக்கே தகவல் சொல்லுங்கள். அங்கே மருத்துவர் இருக்கிறார், ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பானவர் இருக்கிறார். எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதை அவன் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடுக்கலூரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஹவில்தார் பழனியின் உடல் வந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. அதே தாலுகாவில் இருந்துகொண்டு, பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பும் ஒரு தாய் அதை நினைக்காமல் இருக்க முடியாது. "அப்படியெல்லாம் எதுவும் நடக்காது" என்று நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை. அந்த உறுதியை யாராலும் கொடுக்க முடியாது, கொடுத்தால் நீங்களும் நம்பமாட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்ல முடியும். பழனி இருபது வருடத்துக்கும் மேல் பணியில் இருந்தவர். உங்கள் பையன் இப்போது போவது எல்லைக்கு இல்லை, நீலகிரியில் ஒரு பயிற்சி மையத்துக்கு. இந்த ஆறேழு மாதமும் அவன் அங்கேதான் இருப்பான். எல்லையைப் பற்றிய பயத்துக்கு ஒரு காலம் வரும், அன்றைக்கு அதைப் பார்ப்போம். அதை இன்றைக்கே இழுத்துவந்து வீட்டுக்குள் உட்காரவைத்தால், அவன் பத்திரமாக இருக்கும் மாதங்களையும் நீங்கள் பயந்தே கழிப்பீர்கள். டிவியில் எல்லைச் செய்தி ஓடினால் ஒருமுறை கேட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். 2025 மே மாதம் எல்லையில் மோதல் நடந்த நாட்களில், இரவெல்லாம் போனைத் தடவிக்கொண்டிருந்த பெற்றோர் பலரோடு பேசினேன். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்ததில் பாதி பொய். அந்தப் பொய்க்கு இழந்த தூக்கம் மட்டும் நிஜம்.

அவன் போன பிறகு வீட்டில் எப்படி இருப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதல் வாரம் கஷ்டம்தான். உலையில் அரிசி போடும்போது கை பழைய அளவைத்தான் எடுக்கும். மீந்த சோற்றைப் பார்த்து அழுகை வரும். அதற்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு அழுங்கள், காலையில் பழையதாக ஆகும். அவன் கட்டிலை மடக்கி மூலையில் சாத்தவும் வேண்டாம், அப்படியே கோயில் மாதிரி தொடாமல் வைக்கவும் வேண்டாம். பகலில் நீங்களே அதில் உட்கார்ந்து கீரை ஆயுங்கள். சைக்கிளை வீட்டுக்காரர் எடுத்து ஓட்டட்டும். வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், இருவருமாக. அப்பா இரண்டு வரி எழுதினாலும் போதும், மிளகாய் என்ன விலை போகிறது, எந்த ஆடு குட்டி போட்டது என்று. போனில் பேசியது அத்தோடு போய்விடும், கடிதத்தை அவன் பெட்டியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிப்பான். என் தம்பியின் டிரங்குப் பெட்டியில் அப்பா எழுதிய நீல நிற இன்லேண்ட் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன, மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி.

இரண்டு மூன்று வாரம் ஆகியும் இரவில் தூக்கம் பிடிக்கவில்லை, அடுப்புப் பற்றவைக்கக்கூட எழ முடியவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். அவர் அழமாட்டார், ஆனால் சாப்பாடு குறையும், சில பேருக்குக் குடி கூடும். பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்து சத்தியப் பிரமாணம் எடுக்கும் அணிவகுப்புக்குப் பெற்றோரையும் அழைப்பார்கள். மகனைப் படைக்குக் கொடுத்ததற்காகப் பெற்றோருக்கு 'கௌரவப் பதக்கம்' குத்திவிடும் வழக்கமும் உண்டு. அதற்கு இருவரும் சேர்ந்து போங்கள். இப்போதிருந்தே மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள், உங்கள் இருவருக்கும் நல்ல ஸ்வெட்டர் வேண்டியிருக்கும்.

அப்புறம், உப்பூர் பிள்ளையாருக்கு நீங்கள் எந்தக் கடனும் பாக்கி வைக்கவில்லை. குற்ற உணர்ச்சியில் போய்ப் பரிகாரம் எதுவும் செய்ய வேண்டாம். போக மனமிருந்தால், அவன் கிளம்புவதற்கு முன் ஒருநாள் நான்கு பேரும் போய்விட்டு வாருங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. இந்த முறை என்ன வேண்டிக்கொள்வது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அன்றைக்குப் பையன் அந்தச் சைக்கிளைத் துடைத்து, அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டட்டும். நீங்களும் அத்தையும் பஸ்ஸில் போங்கள்.

முதல் போன் வந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா